அம்பாசிடர் ஒழுக்கவியல்: ஓர் ஆய்வு

பழைய அம்பாசிடருக்கு அடியில் ஆயில் சொட்டுவதைப் பற்றிப் பேசாத மெக்கானிக் இல்லை. உட்கார்ந்து ஆராய்ந்து எழுதியவர்தாம் அரிது. அக்குறையைப் போக்கவே இக்கட்டுரை.

ஆய்வுக்கு எடுத்துக்கொண்ட மாதிரி, 1489 சிசி பெட்ரோல் எஞ்சின் பூட்டிய மார்க் 4 ஒன்று. அது ஓடிய தூரத்தை உறுதியாகக் கூற இயலாது. மீட்டரில் இருப்பதே ஐந்து இலக்கம். லட்சத்தைத் தொட்டதும் சைபருக்குத் திரும்பி, மறுபடி ஏறிக்கொண்டிருக்கையில் கேபிள் அறுந்து, இப்போது நாற்பத்து மூவாயிரத்துச் சொச்சத்தில் தவம் இருக்கிறது. சிங்கிள் ஓனர் வண்டி என்று சொல்லித்தான் விற்றார்கள். ஆர்.சி. புத்தகத்தில் நான்காவது பெயர் என்னுடையது.

முதற்கண் வரலாறு. இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரை அடியொற்றி, வங்காளத்து உத்தரபாராவில் இந்துஸ்தான் மோட்டார்ஸ் 1950களின் இறுதியில் அம்பாசிடரைச் செய்யத் தொடங்கியது. 2014 மே மாதம் நிறுத்தியது. நடுவில் முகப்பு மாறிற்று, விளக்கு மாறிற்று, தொண்ணூறுகளில் இசுஸு எஞ்சின்கூட வந்தது. நம் ஆய்வு அதற்கு முந்தைய பழைய எஞ்சினைப் பற்றியது. குறிப்பாக அதன் பிட்டத்தைப் பற்றியது.

இன்றைய வண்டிகளில் கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையை ரப்பர் ஆயில் சீல் ஒன்று இறுகக் கவ்வியிருக்கும். இந்த எஞ்சினில் அப்படி ஒன்று கிடையாது. ஷாஃப்ட்டிலேயே மரை போலச் சுருள் பள்ளம் வெட்டிவிட்டிருக்கிறார்கள். ஷாஃப்ட் சுற்றுகையில், வெளியே நழுவப் பார்க்கும் ஆயிலை அந்த மரை உள்ளே திருப்பித் தள்ளும். சுற்றாதபோது? அதற்கு வேலை இல்லை. ஆகவே "ஓடும்போது ஒண்ணுமில்ல, நிறுத்தினாத்தான் சொட்டுது" என்று பட்டறையில் சொல்லப்படும் புகார் புகாரே அன்று. எஞ்சின் வரைபடத்தின்படி நடக்கிறது என்பதற்கான சான்றிதழ்.

இதனினும் வலிய சான்று ஒன்று உண்டு. அந்தக் காலத்து மோரிஸ் வண்டிகளில் கிளட்ச் கூட்டின் அடியில் ஒரு ஓட்டை வைத்து, அதில் ஒரு ஸ்பிளிட் பின்னைத் தொங்கவிட்டிருப்பார்கள். அது எதையும் பிடித்து நிறுத்துவதற்கு அல்ல. வண்டி அதிரும்போது ஆடி ஆடி, ஓட்டையில் அழுக்கு அடையாமல் பார்த்துக்கொள்வதே அதன் உத்தியோகம். அப்போதுதான் ஒழுகி வரும் ஆயில் கிளட்ச் பிளேட்டில் படாமல் நேராகத் தரைக்குப் போகும். ஒழுகும் என்று அறிந்து, ஒழுக வழியும் விட்டு, அந்த வழிக்குக் காவலும் போட்ட பெருமக்களை என்னவென்று சொல்வது!

இனி இத்துறையின் தலையாய நூற்பா:

மேலடைப்பின் பக்கம் ஒழுகும், பக்கம்
அடைப்பின் பின்புறம் ஒழுகும், பின்னும்
அடைப்பின் பர்ஸே ஒழுகும் என்ப.

இதன் உரை: மேல் என்றது டேப்பட் கவரை. அதன் விளிம்பில் கார்க் பேக்கிங் இருக்கும். பக்கம் என்றது மேனிஃபோல்டுக்குக் கீழே ஒளிந்திருக்கும் இரண்டு தகட்டு மூடிகளை. அவற்றுக்கும் கார்க்கே கதி. பின்புறம் முன்னரே விளக்கப்பட்டது. பர்ஸ் என்றது ஏனெனின், பின்புறத்தைத் தொட வேண்டுமானால் எஞ்சினை இறக்க வேண்டும் என்பதனால்.

ஒன்றை அடைத்தால் மற்றொன்று ஒழுகுவானேன்? ரிங் தேய்ந்த எஞ்சினில் எரிந்த வாயு பிஸ்டனைத் தாண்டிக் கீழே இறங்கிவிடும். அது வெளியேறுவதற்கென்று ப்ரீதர் குழாய் இருக்கிறது. வருஷக்கணக்கில் கவனிக்காமல் விட்டால் கறுப்புக் கசடு சேர்ந்து குழாய் அடைபடும். உள்ளே அழுத்தம் ஏறும். ஏறிய அழுத்தம் எந்தப் பேக்கிங் இளைத்ததோ அதன் வழியே, ஆயிலையும் கூட்டிக்கொண்டு வெளியே வரும். அஃதேல், எல்லா இடத்தையும் ஒரே நாளில் அடைத்துவிட்டால் என்ன எனின், டிப்ஸ்டிக்கையே மேலே தூக்கிவிட்டு வரும் என்க.

வைத்தியத்தில் மூன்று மரபுகள் உள. பேஸ்ட் மரபினர், விளிம்பெல்லாம் சிலிக்கானை அப்பி மூடுவர். வெளியே பிதுங்கியது கண்ணுக்குத் தெரியும். உள்ளே பிதுங்கியது துண்டு துண்டாகச் சம்ப்பில் விழுந்து, ஆயில் பம்ப்பின் வலையில் போய் அடைந்துகொள்ளும். ஒழுகுவதை நிறுத்தப் போய் ஓடுவதையே நிறுத்திய கதை அங்கே தொடங்கும். முறுக்கு மரபினர் ஸ்பேனரே துணை என்று நம்புவர். டேப்பட் கவரைப் பிடித்திருப்பவை இரண்டே நட்டு. அவற்றை மூச்சைப் பிடித்து முறுக்கினால் கார்க் நசுங்கும், தகடு வளையும், நேற்று கசிந்தது இன்று வழியும். பாட்டில் மரபினர் கடையில் விற்கும் லீக் ஸ்டாப்பை ஊற்றச் சொல்வர். வயதாகி விறைத்துப்போன ரப்பரை ஊறவைத்துச் சற்றே உப்பச் செய்வது அம்மருந்தின் வேலை. ரப்பர் சீல் உள்ள வண்டிகளில் ஓரளவு கேட்கவும் செய்யும். இந்த எஞ்சினின் பின்புறத்தில் உப்புவதற்கு ரப்பரே இல்லை என்பதை அவர்கள் காதில் யாராவது போட வேண்டும்.

நான்காவதாக என் மெக்கானிக் அண்ணன் ஒருவரே ஒரு மரபு. சம்ப்புக்கு அடியில் விரலை விட்டுத் தடவி, முகர்ந்து, கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு, காட்டன் வேஸ்ட்டில் கையைத் துடைத்தபடி அவர் அருளியது: "சார், ஒழுகுற வரைக்கும் உள்ள ஆயில் இருக்குன்னு அர்த்தம். நின்னுபோச்சுன்னா ஃபோன் பண்ணுங்க."

அளவையியலுக்கு வருவோம். நிமிடத்துக்கு ஒரு சொட்டு எனில் நாளுக்கு 1440 சொட்டு. எண்ணெய்ச் சொட்டு நீர்த்துளியைவிடச் சிறியது. 40 சொட்டு ஒரு மில்லி என்று வைத்தால் நாளுக்கு 36 மில்லி, மாதத்துக்கு ஏறக்குறைய ஒரு லிட்டர். ஆஸ்திரேலியாவின் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 1927இல் பேராசிரியர் தாமஸ் பார்னெல் ஒரு புனலில் கீல் ஊற்றிவைத்துத் தொடங்கிய சோதனையில், 2014 ஏப்ரல் வரை விழுந்தவை 9 துளிகள். பல்லாண்டு அதைக் காத்துவந்த ஜான் மெயின்ஸ்டோன், ஒரு துளி விழுவதையும் நேரில் காணாமலே 2013இல் மறைந்தார். நம் போர்ட்டிகோவில் ஒரு முக்காலி போட்டுக் கொடுத்திருக்கலாம். ஒன்பதாம் துளி விழுந்த அடுத்த மாதமே அம்பாசிடர் உற்பத்தி நின்றது. இரண்டுக்கும் உள்ள தொடர்பை நிறுவ இங்கு இடம் போதாது.

மழை பெய்தால் கணக்கே வேறு. லண்டன் கிளாப்பம் குளத்தில் பெஞ்சமின் ஃபிராங்க்ளின் ஒரு தேக்கரண்டி எண்ணெயை விட, அது பரவி அரை ஏக்கர் நீரை அமைதிப்படுத்தியதை 1774இல் வெளியான கட்டுரையில் அவரே எழுதியிருக்கிறார். எனவே கார் நிறுத்துமிடத்தில் தேங்கிய நீரில் வானவில் தெரிகிறது என்பதை வைத்து என் வண்டி காலியாகிவிட்டதாக முடிவுகட்டுவது அறிவியலுக்கு ஒவ்வாது. இதை எங்கள் அடுக்ககத்தில் இரண்டாம் மாடிக்காரருக்கு விளக்கினேன். ஃபிராங்க்ளின் எந்த ஃபிளாட் என்று கேட்டார்.

ஒழுகும் இடத்தைக் கண்டுபிடிக்கச் செலவில்லாத முறை உண்டு. எஞ்சினை டீசலும் பிரஷ்ஷும் கொண்டு கழுவி, காயவிட்டு, முகத்துக்குப் போடும் பவுடரைத் தூவி, ஒரு சுற்று ஓட்டிவிட்டு வந்து பாருங்கள். ஆயில் கீழ்நோக்கி வழியும், காற்றில் பின்னோக்கிப் போகும். ஆகவே நனைந்த இடங்களில் எது எல்லாவற்றுக்கும் மேலே, முன்னே இருக்கிறதோ அதுவே மூலம். சொட்டு விழுந்த இடத்துக்கு நேர் மேலே தேடுகிறவர்கள் நல்ல பேக்கிங்கைப் பிரித்துக் கெடுப்பார்கள்.

ஆய்வின் தீர்ப்பு: முதலில் ப்ரீதரைக் கழற்றிச் சுத்தம் செய்க. பிறகு டேப்பட் கவருக்குப் புதுக் கார்க், பேஸ்ட் இல்லாமல், அளவான முறுக்கோடு. பக்கத் தகடுகளை மேனிஃபோல்டு கழற்ற நேரும்போது பார்த்துக்கொள்ளலாம். பின்புற ஒழுக்கை, கிளட்ச் பிளேட் மாற்றும் நாள் வரை தொடாதீர்கள். வாரம் ஒருமுறை காலையில், சமதரையில், ஸ்டார்ட் செய்வதற்கு முன் டிப்ஸ்டிக்கைப் பார்த்துக் குறைந்ததை ஊற்றுங்கள். வழித்தெடுத்த பழைய ஆயிலைச் சாக்கடையில் கொட்டாமல் பட்டறை டிரம்மில் சேருங்கள்.

அடுக்ககச் சங்கச் செயலாளர் அவர்களுக்கு ஒரு விண்ணப்பம்: வண்டிக்கு அடியில் விரித்திருக்கும் அட்டை குப்பை அன்று. அதில் தேதி போட்டு வட்டம் வரைந்திருக்கிறேன். பெருக்குகிற அம்மாவிடம் தயவுசெய்து சொல்லிவையுங்கள்.