சீரியல் நேரம்: கேள்வி-பதில்

'சிறகடிக்க ஆசை'யில் ரோகிணிக்கு ஒரு மகன் இருக்கிற ரகசியத்தை இப்படியா இழுப்பார்கள்?

நமக்குத் தெரிந்தது மாமியார் விஜயாவுக்குத் தெரியாமல் இருந்ததுதானே கதையே! 2023-இல் ஆரம்பித்த அதே வருஷமே சொல்லியிருந்தால், அப்புறம் ராத்திரி நீங்கள் எதைப் பார்த்திருப்பீர்கள்?

வில்லிகள் ஏன் பட்டுப்புடவை, ஒட்டியாணத்தோடு தூங்குகிறார்கள்?

உண்மை எந்த நேரத்தில் கதவைத் தட்டும் என்று டைரக்டருக்கே தெரியாது. ரெடியாக இருக்க வேண்டாமா?

ஓர் அறைக்கு ஏன் மூன்று 'ரீப்ளே'?

வாங்கியவருக்கு ஒன்று, கொடுத்தவருக்கு ஒன்று, மாடிப்படியில் சும்மா நிற்கும் சித்தப்பாவுக்கு ஒன்று. பாவம், அவருக்கும் அன்றைக்கு பேட்டா கொடுத்திருக்கிறார்களே.

டி.வி. வில்லனைத் திட்டித் தீர்க்கும் என் மாமியாரை எப்படி அடக்குவது?

அடக்காதீர்கள், அந்த வசவு அப்புறம் உங்கள் பக்கம் திரும்பும்! 'எதிர்நீச்சல்' ஆதி குணசேகரனை வாய்க்கு வந்தபடி சபித்தவர்கள்தான், 2023 செப்டம்பரில் அந்தத் தொடருக்கு டப்பிங் பேசப் போன இடத்தில் நெஞ்சுவலி வந்து, அந்த வேடத்தில் நடித்த மாரிமுத்து இறந்தபோது, வீட்டு மனிதர் போனதாக அழுதார்கள்.

'கோலங்கள்' மாதிரி இனி ஒன்று வருமா?

அது 1,500 எபிசோடு தாண்டியது. 'சந்திரலேகா' 2,000-ஐயே தாண்டிவிட்டது. நீங்கள் கேட்பது நீளத்தையா, 'கோலங்கள்' நாயகி தேவயானியையா?