வார்டன் எண்: ஒரு பாடபேத ஆராய்ச்சி

ஆய்வு நோக்கம்

பல்கலைக்கழக ஆடவர் விடுதியில் துணைக் காப்பாளராகக் கூடுதல் பொறுப்பு வகிக்கும் உதவிப் பேராசிரியருக்கு உடல் ஒன்று, சம்பளம் ஒன்று, கைப்பேசி எண் ஒன்று. பெயர் மட்டும், அந்த எண்ணைப் பதிந்து வைத்திருப்போர் எத்தனை பேரோ அத்தனை. அப்பெயர்களைத் தொகுத்து, ஒப்புநோக்கி, மூலபாடத்தை நிறுவுவதே இக்கட்டுரையின் நோக்கம். 'காப்பாளர் பிறப்பதில்லை, பதியப்படுகிறார்' என்பது கருதுகோள். முடிவு கைக்கு வந்தபின் கருதுகோளை எழுதுவது நம் துறைகளின் நீண்டநாள் மரபாதலால் இதுவும் அவ்வண்ணமே எழுதப்பட்டது.

முன்னாய்வுகள்

இல்லை.

இல்லை என்று எழுதினால் புறத்தேர்வாளர் முகம் சுளிப்பார் என்பதால் வெள்ளைக்காரர் இருவரை அழைக்க வேண்டியிருக்கிறது. எர்விங் காஃப்மன் 1949 முதல் 1951 வரை ஸ்காட்லாந்துக்கு வடக்கே ஷெட்லாந்துத் தீவொன்றில் தங்கி ஆய்வு செய்தவர். அங்கிருந்த சிறிய ஓட்டலில் பணியாளர்கள் சமையலறையில் ஒரு முகமும் சாப்பாட்டுக் கூடத்தில் வேறொரு முகமுமாக இருந்ததைக் கண்டார். முன்களம், பின்களம் என்று பிரித்து 1956-இல் புத்தகமே எழுதிவிட்டார். எங்கள் மெஸ் மாஸ்டருக்கு இரண்டு களத்திலும் ஒரே முகம்தான், அதுவும் கடுகடு. ஆகவே காஃப்மன் இங்கே பயன்படார்.

அடுத்தவர் ஃபூக்கோ. இவரைச் சொல்லாமல் எந்த ஆய்வேடும் கட்டடம் விட்டு வெளியே போனதில்லை. 1975-இல் வந்த அவர் நூலில் பெந்தாமின் சிறைத் திட்டம் பேசப்படுகிறது: நடுவே கோபுரம், சுற்றிலும் அறைகள், கோபுரத்தில் இருப்பவர் பார்க்கிறாரா இல்லையா என்பது கைதிக்குத் தெரியாது. எங்கள் விடுதியில் கோபுரத்தின் இடத்தில் வாட்ச்மேன் நாற்காலி. அவர் தூங்குகிறாரா இல்லையா என்பது மூன்றாம் மாடி வரை எல்லாருக்கும் தெரியும். ஃபூக்கோவும் பயன்படார். ஆனாலும் இருவருமாக ஒரு பக்கத்தை நிரப்பித் தந்தார்கள், நன்றி.

தொல்காப்பியர் இப்பொருள் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. முதல் இயலில் அவருக்கு ஒரு பத்தி ஒதுக்க வேண்டும் என்பது விதி. இதுதான் அந்தப் பத்தி.

சுவடிகள்

உ.வே.சாமிநாதையர் 1887-இல் சீவக சிந்தாமணியையும் 1894-இல் புறநானூற்றையும் பதிப்பிக்க ஊர் ஊராக அலைந்து ஏடு திரட்டினார். இவ்வாய்வாளருக்கு அந்த அலைச்சல் இல்லை. கரண்ட் போனால் விடுதியில் இன்வெர்ட்டர் ஓடும் ஒரே அறை வார்டன் அறைதான். ஐந்து நிமிடத்தில் மேசைமேல் கைப்பேசிகள் வரிசையாக வந்து படுக்கும். எக்ஸ்டென்ஷன் பாக்ஸுக்கு அடிதடி நடக்கும். பையன்கள் வராந்தாவுக்குப் போன பிறகு, பட்டியலைப் பார்த்து ஒருவன் எண்ணை அழைத்தால் போதும். வரிசையில் ஒரு சுவடி அதிர்ந்து, ஒளிர்ந்து, தன் பாடத்தைத் தானே வாசித்துக் காட்டும். ஆராய்ச்சி நெறிமுறைக் குழு இதைப் பற்றிக் கேட்டால், மெஸ் பாக்கிக்காகத்தான் கூப்பிட்டேன் என்பது ஆய்வாளரின் பதில்.

பனையோலையில் மெய்க்குப் புள்ளி இராது, எகர ஏகார வேறுபாடு இராது. படிப்பவர்தான் ஊகிக்க வேண்டும். கைப்பேசிச் சுவடியில் புள்ளியெல்லாம் இருக்கிறது, மரியாதைதான் சிதைந்திருக்கிறது.

அ-சுவடி: முதலாமாண்டு. திரைக் கண்ணாடி இன்னும் உடையவில்லை. பாடம் 'ஹாஸ்டல் வார்டன் சார்' என்று நிறைவாக உள்ளது. ஆ-சுவடி: இரண்டாமாண்டு. 'வார்டன்' மட்டும். 'சார்' என்னும் பகுதி மறைந்தது செல்லரிப்பால் அன்று, ஓராண்டு மெஸ் சாம்பாரால் (ஒப்புநோக்குக: மெஸ் புகார் நோட்டு, முதல் பக்கம், இரண்டாம் பக்கம் கிழிக்கப்பட்டுள்ளது). இ-சுவடி: மூன்றாமாண்டு. 'எடுக்காத'. இது எதிர்மறைப் பெயரெச்சமா, ஏவல் வினையா என்று உரையாசிரியர் இருவர் வராந்தாவில் நின்று வாதிட்டனர். காப்பாளர் அந்தப் பக்கம் வந்ததும் இருவரும் வினை முற்றிக் கலைந்தனர்.

ஈ-சுவடியில்தான் சிக்கல்.

'எடுக்காதே 2' சிக்கல்

ஈ-சுவடி முனைவர் பட்ட ஆய்வாளர் ஒருவருடையது. பின்மூடி ரப்பர் பேண்டால் கட்டப்பட்டது. அதில் என் எண்ணுக்கு வாய்த்த பாடம்: 'எடுக்காதே 2'.

இரண்டு என்றால் ஒன்று இருந்தாக வேண்டும். இதைக் கேட்டு விடுதி அறிவுலகம் மூன்றாகப் பிளந்தது. முதலாமவர் தலைமைக் காப்பாளர் கொள்கையினர். பதவிமூப்பின்படி 'எடுக்காதே 1' தலைமைக் காப்பாளரே என்பது இவர்கள் துணிபு. சான்றாக அவர்கள் காட்டுவது, இரண்டாம் மாடிக் குளியலறைக் கல்வெட்டு (இடமிருந்து மூன்றாம் கதவு, உட்புறம், தாழ்ப்பாளுக்கு மேல், கரி, இறுதிச் சொல் அச்சேற்றத்தக்கதன்று). இக்கொள்கை எளிதில் வீழ்ந்தது. தலைமைக் காப்பாளர் மாணவர் யாரையும் கைப்பேசியில் அழைத்ததே கிடையாது. எதற்கும் அவர் எங்களைத்தான் அழைப்பார்.

இரண்டாமவர் கல்விக்கடன் கொள்கையினர். வங்கிக்காரரே அந்த ஒன்று என்பர் (அவுட்பாஸ் நோட்டு, பொங்கல் விடுமுறைக்கு முந்தைய பக்கம், 'செல்லும் காரணம்' என்ற கட்டத்தில் 'தலைமறைவு' என எழுதி அடித்துத் 'திருமணம்' எனத் திருத்தியது, அடிக்கப்பட்டதே மூலபாடம் என்பர் சிலர், இரண்டும் ஒன்றே என்பர் மணமானோர்).

மூன்றாமவர் தந்தையார் கொள்கையினர். இவர்களுடைய முதன்மைச் சான்று வாட்ச்மேனின் வாய்மொழி மரபு: அவர் சொன்னதை மெஸ் செக்ரட்டரி கேட்டு, அவர் சொன்னதை ரூம்மேட் கேட்டு, ரூம்மேட் பாதித் தூக்கத்தில் பக்கத்து அறைக்குச் சொல்ல, அங்கிருந்தவன் கெட்டிலில் மேகி கொதிக்கும் சத்தத்தில் பாதியை மட்டும் கேட்டு, மின்கட்டண அறிவிப்பின் பின்புறத்தில் பென்சிலால் குறித்து வைத்தது, அந்தத் தாள் பிறகு வடை மடிக்கப் பயன்பட்டு, எண்ணெய் ஊறிய பகுதி மட்டும் இருபுறமும் படிக்கும்படி நமக்குக் கிடைத்துள்ளது. எஞ்சிய எழுத்துகள் 'ப்பா'. இதை 'அப்பா' என்று கொள்வர் இவர்கள். 'எப்பா' என்றும் கொள்ளலாம் என மறுப்பாரும் உளர். கெட்டில் விடுதியில் தடைசெய்யப்பட்ட பொருள், ஆகவே அங்கே கெட்டிலே இருந்திருக்க முடியாது, ஆகவே சான்று முழுவதும் இடைச்செருகல் என்று எழுத்துமூலம் எனக்கு விளக்கம் தந்தவர் அந்த அறைக்காரர்.

இவ்வளவும் ஒரு பன்னாட்டுக் கருத்தரங்கில் வாசிக்கப்பட வேண்டியவை. மலேசியாவிலிருந்து யாரேனும் ஒருவர் கூகுள் மீட்டில் எட்டிப் பார்த்தால் பன்னாட்டு ஆகிவிடும். கட்டணத்துக்குள் மதிய உணவு, சான்றிதழ், ஐ.எஸ்.பி.என். போட்ட மலர் எல்லாம் அடக்கம். மலரைத் திறந்து பார்ப்பவர் அச்சகத்தார் ஒருவரே. அவரும் பக்க எண்ணுக்காகத்தான்.

முடிவு வேறு விதமாக வந்தது. ஓர் இரவு கரண்ட் போயிருந்தது. நான் யாரையும் அழைக்கவில்லை. ரப்பர் பேண்டு போட்ட சுவடி தானாகவே அதிர்ந்து மேசை விளிம்புக்கு நகர்ந்தது. திரையில் 'எடுக்காதே 1'. உரியவரைக் கூப்பிட்டேன். கதவோரம் நின்றபடியே எட்டிப் பார்த்தார்.

"யாருப்பா இது?"

"கைடு சார்."

"எடுக்கலையா?"

"கேஸ் புக் பண்ணச் சொல்லுவாரு சார். நேத்தே பண்ணிட்டேன். இன்னைக்கு பாப்பாவை டியூஷன்ல இருந்து கூட்டிட்டு வரணுமா இருக்கும்."

"தீசிஸ் விஷயமா இருந்தா?"

அவர் சிரித்தார். மூன்றாவது இயல் நெறியாளர் மேசையில் இருப்பதாகவும், அதன்மேல் இப்போது கல்யாணப் பத்திரிகைகள் வைக்கப்படுவதாகவும் சொன்னார்.

"சரி, நான் எப்படி ரெண்டாவது?"

"நீங்க மெஸ் பில்லுக்கு மட்டும்தானே சார் கூப்பிடுவீங்க."

மூன்று கொள்கைகளும் ஒரே மின்வெட்டில் அணைந்தன.

தந்தையர் மரபு

பெற்றோர் சுவடிகள் தனிக் கிளை. ஆங்கிலத்தில் 'வார்டன்' என்று பதிந்தால் பட்டியலின் அடியில் போய்விடும் என்பதால் விவரமான தந்தையர் முன்னே இரண்டு 'ஏ' சேர்த்து 'ஏஏ வார்டன்' ஆக்குவர். பையன் போனை எடுக்காத இரவில் முதல் பெயராக நான் நிற்பேன். வேறு சிலர் மகன் பெயரையே எனக்கும் இட்டு 'செல்வம் ஹாஸ்டல்' என்பர். நான் ஒரே நேரத்தில் பல செல்வங்கள், இரண்டு விக்னேஷ்.

ட்ரூகாலர் பதிப்பு

2009-இல் ஸ்டாக்ஹோமில் தொடங்கிய ட்ரூகாலர் ஊரார் தம் கைப்பேசியில் எழுதி வைத்ததைத் திரட்டி, இந்த எண் இன்னாருடையது என்று காட்டும். பதிப்பாசிரியர் இல்லாத பதிப்பு இது. சாமிநாதையர் பாடபேதங்களை அடிக்குறிப்பில் வைத்தார். ட்ரூகாலர் அடிக்குறிப்பையே தலைப்பாக்கும். விளைவு: பார்சல் கொண்டுவந்த பையன் கேட்டுக்கு வெளியே நின்று, "வார்டன் எடுக்காதேங்களா? கீழ வாங்க சார், ஓ.டி.பி. வேணும்" என்றான். நான் போனேன். ஆய்வாளர் என்ற முறையில் மறுப்பதற்குச் சான்று இல்லை.

மறைந்துபோன செய்திகள்

விடுதிக்கு வாட்ஸ்அப் குரூப் இரண்டு. காப்பாளர்கள் இருப்பது 'ஹாஸ்டல் அஃபிஷியல்'. இல்லாதது 'ஹாஸ்டல் ஒரிஜினல்'. அஃபிஷியலில் வரும் மறுமொழிகள் 'நோட்டட் சார்', 'ஓகே சார்', கட்டைவிரல். யுஜிசி 2018-இல் கொண்டுவந்த விதிப்படி ஒப்புமை பத்து விழுக்காடு வரை குற்றமில்லை. அறுபதைத் தாண்டினால் ஆய்வேட்டுக்காரரின் பதிவே ரத்து. எங்கள் குரூப்பில் ஒப்புமை நூறு. ஆய்வேடுகளில் கொஞ்சம் குறையும், முன்னுரையில் மனைவி பெயர் மாறுவதால்.

ஒரிஜினலுக்குப் போக வேண்டிய செய்தி சிலசமயம் அஃபிஷியலில் விழும். 2017-இல் வாட்ஸ்அப் எல்லோருக்கும் நீக்கும் வசதியைத் தந்தபின் அவை நொடியில் மறைந்து, 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்ற கல்லறை வாசகம் மட்டும் மிஞ்சுகிறது. மயிலை சீனி. வேங்கடசாமி மறைந்துபோன தமிழ் நூல்களைத் தொகுத்தபோது, உரைகாரர் காட்டிய மேற்கோள்களில் தப்பிப் பிழைத்த வரிகளே அவருக்குக் கைகொடுத்தன. நமக்கும் அவ்வழியே. மூலத்தை நீக்கினாலும், அதை மேற்கோளிட்டு ஒருவன் பதில் போட்டிருந்தால் அந்தத் துண்டு அப்படியே நிற்கும். முதலாமாண்டுப் பிள்ளைகளுக்கு இது தெரியாது. அவர்களே நம் நச்சினார்க்கினியர்கள்.

அவ்வகையில் கிடைத்த ஒரே துண்டு: 'அந்தாளு டிபில மட்டும்தான் சிரிக்கிறாரு, நேர்ல'. கீழே உரை: 'ஆமா அண்ணா'. 'நேர்ல' என்பதற்குப் பின் எத்தனை சொற்கள் இருந்தன என்று தெரியவில்லை. டிபி, ஊட்டியில் எடுத்தது; சிரித்தது உண்மை. 'ஆமா அண்ணா' எழுதிய மாணவன் பண்பான பிள்ளை, மூலத்தைச் சொல்ல மாட்டேன் என்கிறான். அவன் மெஸ் ரிடக்‌ஷன் விண்ணப்பம் என் மேசையில் இருக்கிறது. ஆராய்ச்சிக்காக அதை இன்னும் இரண்டு நாள் வைத்துக்கொள்ளலாமா என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

மேலாய்வுக் களங்கள்

இக்கட்டுரையை மதிப்பிடப் புறத்தேர்வாளர் தேவை. ஈ-சுவடிக்காரரின் நெறியாளரே தகுதியானவர், பக்கத்துத் துறை, பாடபேதத்தில் புலமை உள்ளவர். மூன்று முறை அழைத்தேன், மணி அடித்து ஓய்ந்தது. அவர் சுவடியில் என் எண்ணுக்கு என்ன பாடம் என்பது வருங்கால ஆய்வாளர்க்குரியது.