மாமியாரின் 1,326 கைகள்

எங்கள் வீட்டில் போக்கர் படித்தவன் நான் ஒருவன்தான். மற்றவர்கள் ஆடுகிறார்கள்.

டெக்சஸ் ஹோல்டெம் என்ற ஆட்டத்தில் ஆளுக்கு இரண்டு சீட்டு கவிழ்த்துப் போடுவார்கள். நடுவில் எல்லோருக்கும் பொதுவாக ஐந்து சீட்டு: முதலில் மூன்று, பிறகு ஒன்று, பிறகு ஒன்று என்று விரியும். ஏழில் சிறந்த ஐந்தைச் சேர்ப்பவருக்கு நடுவில் குவிந்ததெல்லாம் சொந்தம். ஒவ்வொரு விரிப்புக்கும் பந்தயம் கட்டலாம்; பிடிக்காவிட்டால் கையைக் கவிழ்த்துவிட்டுக் காப்பி குடிக்கப் போகலாம். படிக்காதவன் எதிராளியின் முகத்தைப் பார்த்து, "இவன்கிட்ட ஏஸ் ஜோடிதான்" என்று ஒரே கையை ஊகித்து அதிலேயே தலையைக் கொடுப்பான். படித்தவன் அப்படிச் செய்யமாட்டான். எந்தெந்தக் கைகளை வைத்துக்கொண்டு ஒருவன் இப்படியெல்லாம் கட்டியிருப்பான் என்று முழுப் பட்டியலையும் மனதில் விரித்து, ஒவ்வொரு பந்தயத்துக்கும் சிலவற்றை அடித்துக்கொண்டே வருவான். அந்தப் பட்டியலுக்குத்தான் ரேஞ்ச் என்று பெயர்.

52 சீட்டில் இரண்டைப் பொறுக்க 1,326 வழி. வகை பிரித்தால் 169. அதை 13-க்கு 13 கட்டமாகப் போடுவார்கள்: மூலைக்கு மூலை ஜோடிகள், ஒருபக்கம் ஒரே ஜாதிக் கைகள், மறுபக்கம் கலப்பு. ஏஸ் ஜோடி அமைய 6 வழிதான். ஏஸும் ராஜாவும் சேர 16 வழி. ஆகவே எதிராளி ஆவேசமாகக் கட்டினாலும் உடனே ஏஸ் ஜோடி என்று நடுங்கத் தேவையில்லை. இந்தக் கட்டத்தை அச்சடித்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டியிருக்கிறேன். ஏஸ் வரிசை முழுவதும் இப்போது பால் கணக்கு.

பந்தயப் பொருள் புளியங்கொட்டை. இணையத்தில் காசு வைத்து ஆடுவதை நாடாளுமன்றம் 2025-இல்தான் சட்டம் போட்டுத் தடுத்தது; எங்கள் வீட்டில் அந்தச் சட்டம் கல்யாணமான வருஷமே அமலுக்கு வந்துவிட்டது.

இனி அந்த ஞாயிற்றுக்கிழமைக் கைக்கு வருகிறேன். என்னிடம் ஏஸும் ராஜாவும். மிடுக்காக ஏற்றினேன். மனைவி கவிழ்த்தாள். மச்சினன் கவிழ்த்தான். மாமியார் மட்டும் வந்தார். நடுவில் ஏஸ், 9, 4 விழுந்தன, மூன்றும் மூன்று ஜாதி. கட்டினேன்; வந்தார். அடுத்து 7. கட்டினேன், மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு வந்தார். கடைசிச் சீட்டு 2. குவியலில் 40 கொட்டை. மாமியார் தன் பங்குக்கு 40-ஐ எண்ணி முன்னே தள்ளினார்.

மற்றவர்களானால் பயந்திருப்பார்கள். நான் கண்ணை மூடி ரேஞ்சை விரித்தேன். மேசையில் ஒரு ஏஸ், என்னிடம் ஒன்று. ஆகவே அவரிடம் ஏஸ் ஜோடி இருக்க ஒரே வழி. 9, 7, 4 ஜோடிகளுக்குத் தலா 3 வழி. ஏஸும் 9-உம் சேர 6 வழி. ஆக என்னை வெல்பவை 16. நான் வெல்பவை? ஏஸோடு ராணி, ஏஸோடு ஜாக்கி, ஏஸோடு 10 - தலா 8 வழி, மொத்தம் 24. அதாவது நாற்பதில் இருபத்துநாலு எனக்கு. நான் வைக்க வேண்டியது 40 கொட்டை, கிடைக்கப்போவது 80. மூன்றில் ஒருமுறை ஜெயித்தாலே நஷ்டமில்லை. இந்தக் கணக்கெல்லாம் முடிவதற்குள் மச்சினன் ஒரு தட்டு முறுக்கை முடித்திருந்தான்.

"பார்க்கிறேன் அத்தை" என்று வெற்றிப் புன்னகையுடன் கொட்டைகளைத் தள்ளினேன்.

மாமியார் 5-ஐயும் 3-ஐயும் வைத்தார். "ஏஸ், ரெண்டு, மூணு, நாலு, அஞ்சு. ரம்மியில இது சீக்வென்ஸ்தானே மாப்பிள்ளே?"

ரம்மியில் மட்டுமில்லை, இதிலும்தான். ஆனால் 46 சீட்டில் எட்டே எட்டு சீட்டை நம்பி, இவ்வளவு பந்தயத்துக்கும் ஈடு கொடுத்துக்கொண்டு ஒரு மனுஷி வருவாரா? "இந்தக் கையோட ஏன் அத்தை வந்தீங்க?" என்றேன்.

"நம்ம வீட்டு நம்பர் 53 ஆச்சே! வந்த லட்சுமியைக் கவிழ்ப்பாங்களா?"

அன்றிரவு சாப்பாட்டின்போது தாளில் போட்டு நிரூபித்தேன். வீட்டு நம்பருக்கு உண்டான 16 வழிகளையும் பெருந்தன்மையாக அவர் பக்கம் சேர்த்தாலும் 56-இல் 24 எனக்குத்தான்; கிட்டத்தட்ட 43 சதவீதம். தேவை 33. ஆக, நான் கொட்டையை வைத்தது முற்றிலும் சரி. தாளைப் பார்த்துக்கொண்டே என் மனைவி ரசம் சாதத்தில் மோரை ஊற்றினாள்.

மாமியாராவது பரவாயில்லை. சித்தாந்தத்தின் மறுபாதி எனக்கும் ஒரு ரேஞ்ச் உண்டு என்கிறது. அதை எதிராளி படிக்க முடியாதபடி வைத்துக்கொள்ள வேண்டுமாம். கார்னெகி மெலன் பல்கலைக்கழகத்தில் துவோமஸ் சாண்ட்ஹோமும் நோம் பிரவுனும் உருவாக்கிய லிப்ரேட்டஸ் என்ற நிரல், 2017-இல் பிட்ஸ்பர்க்கில் நான்கு தொழில்முறை ஆட்டக்காரர்களை 1,20,000 கைகள் ஆடித் தோற்கடித்தது. நல்ல கையோடும் சொத்தைக் கையோடும் ஒரே மாதிரி, அளவு பார்த்துக் கலந்து கட்டும்; எதிரே இருப்பவர் எதை அடிப்பது, எதை வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திணறுவார். கடைசிச் சீட்டில் குவியல் அளவுக்குக் கட்டினால் இரண்டு நிஜத்துக்கு ஒரு புளுகு என்பது கணக்கு. நானும் அந்த விகிதத்தில் புளுகத் தொடங்கினேன். இரண்டு நிஜத்துக்கும் மனைவி கவிழ்த்தாள், புளுகுக்கு மட்டும் வந்தாள். திரும்பத் திரும்ப இதேதான்.

"எப்படித் தெரியுது?" என்று கெஞ்சிக் கேட்டேன்.

"கையில ஒண்ணும் இல்லைன்னா வேட்டியை இழுத்து விட்டுக்கிறீங்க. நல்ல கைன்னா 'நீயே யோசிச்சுக்கோ'ன்னு மரியாதையா பேசறீங்க. சாதாரணமா அப்படி எங்க பேசறீங்க?"

லிப்ரேட்டஸுக்கு வேட்டி கிடையாது என்பதை யாரும் கணக்கில் எடுத்துக்கொள்வதில்லை. இப்போது பேன்ட் போட்டுக்கொண்டு ஆடுகிறேன். பெல்ட்டை இழுத்து விட்டுக்கொள்வதாகத் தகவல்.

மாமியார் ரேஞ்சை மட்டும் விடாமல் தொகுத்து வருகிறோம், நானும் மச்சினனும். 5-3 வீட்டு நம்பர். 9-2 வந்தாலும் கவிழ்க்கமாட்டார். பெரம்பூர் தங்கை வீட்டுக்குப் போகும் பஸ் 29-சி. 8-உம் 7-உம் ஒருநாளும் ஆடமாட்டார். அஷ்டமத்தில் ஏழரை என்று என்னவோ சொன்னார், ஜோதிடப்படி அது பொருந்தவில்லை என்று வாதாடிப் பார்த்தேன். ராணி ஜோடி வந்தால் இரண்டு சம்பந்தியம்மாக்கள் என்று முகம் சுளித்தாலும் ஆடிவிடுகிறார். இத்தனையும் கட்டத்தில் பென்சிலால் நிழலிட்டு வைத்திருக்கிறேன், பால் கணக்கு போக மிச்சமிருக்கும் இடத்தில்.

போன வாரம் முதல் சுற்றிலேயே, யாரும் ஒரு கொட்டைகூட வைப்பதற்குள், கையைக் கவிழ்த்துவிட்டு எழுந்தார். ஆட்டம் முடிந்ததும் மச்சினன் அந்தச் சீட்டுகளைத் திருப்பிப் பார்த்தான். ராஜா ஜோடி.

"அம்மா, இதைப் போயா கவிழ்த்தே?"

"ஒரு வீட்டுக்கு ரெண்டு ராஜா ஆகாதுடா" என்று சமையலறையிலிருந்து பதில் வந்தது.

ஃபிரிட்ஜ் அருகே போய் அந்த 6 வழிகளையும் அடித்தேன். அடியில் ஒன்றரை லிட்டர் என்று இருந்தது.