எழுத்தாளரே, ஆதார் கொண்டுவந்தீரா?

ட்ரூ ஓர்ட்டிஸைப் போல லட்சணமான ஓர் எழுத்தாளரைப் பார்ப்பது அரிது. முதல் பெயர், கடைசிப் பெயர் இரண்டும் இருந்தன. இனிஷியல் தொந்தரவு இல்லை. கண்ணை உறுத்தாத, பளிச்சென்ற முகப்படம் இருந்தது. காடும் வயலும் ஓடையும் சூழ்ந்த பண்ணை வீட்டில் வளர்ந்தவர், வாழ்நாளில் பெரும்பகுதியைத் திறந்தவெளியில் கழித்தவர் என்று குறிப்பும் இருந்தது. 1954 முதல் வரும் ‘ஸ்போர்ட்ஸ் இல்லஸ்ட்ரேட்டட்’ பத்திரிகையின் இணையதளத்தில் அவர் பெயரில் கட்டுரைகள் வந்தன. கையில் பந்து இல்லாமல் வாலிபால் பழகுவது கொஞ்சம் சிரமம் என்ற பேருண்மையை உலகுக்கு உரைத்தவர் அவர்தான். குறை என்று பார்த்தால் ஒன்றே ஒன்று. அப்படி ஒரு மனிதர் பிறக்கவே இல்லை.

2023 நவம்பரில் ‘ஃப்யூச்சரிசம்’ என்ற இணைய இதழ் தோண்டிப் பார்த்தது. செயற்கை நுண்ணறிவு வரைந்த முகங்களை விற்கும் ஓர் இணையக் கடையில் அந்த முகம் விலைக்குக் கிடந்தது. பழுப்பு முடி, நீலக் கண், வெள்ளை இளைஞர் என்று சரக்கு விவரம் வேறு. கேள்வி போனதும் ஆசிரியர் பக்கங்கள் சத்தமில்லாமல் மறைந்தன. பத்திரிகையை நடத்திய நிறுவனம் ஒரு விளக்கம் தந்தது: கட்டுரைகளை எழுதியவர்கள் மனிதர்கள்தான் என்று அவற்றை சப்ளை செய்த கம்பெனி உறுதி சொல்லியிருக்கிறது, எழுதியவர்களின் அந்தரங்கத்தைக் காக்கவே புனைபெயர் போட்டார்களாம்.

அந்தரங்கமாம்! புனைபெயராம்!

இதே இரண்டு காரணங்களோடு நிஜமான ஓர் எழுத்தாளர் 2011இல் கூகுள் வாசலில் போய் நின்றிருந்தால் என்ன நடந்திருக்கும்? அந்த ஆண்டு ஜூனில்தான் கூகுள் ‘ஆத்தர்ஷிப்’ திட்டத்தை அறிவித்தது. கட்டுரையிலிருந்து உங்கள் கூகுள் ப்ரொஃபைலுக்கு ஓர் இணைப்பு, ப்ரொஃபைலிலிருந்து கட்டுரைத் தளத்துக்கு ஓர் இணைப்பு, முகம் தெளிவாகத் தெரியும் படம். இவ்வளவும் வைத்தால் தேடல் முடிவில் உங்கள் மூஞ்சி தெரியலாம். அதே மாதக் கடைசியில் கூகுள் பிளஸ் பிறந்தது. நிஜப் பெயர் இல்லாதவருக்கு அங்கே இடமில்லை என்றார்கள். புனைபெயரில் வாழ்ந்தவர்களின் கணக்குகளைக் கொத்துக் கொத்தாக முடக்கினார்கள். ஒற்றைப் பெயர்க்காரர்களும் மாட்டினார்கள், ஏனென்றால் படிவத்தில் இரண்டு கட்டங்கள். இரண்டையும் நிரப்பியாக வேண்டும். தகப்பன் பெயரின் முதல் எழுத்தோடு காலம் தள்ளும் நம்மவர்கள், அப்பாவையே குடும்பப் பெயராக்கி உள்ளே நுழைந்தோம். கூகுளின் தலைவராக இருந்த எரிக் ஷ்மிட் அந்த ஆகஸ்டில் எடின்பரோவில் ஒளிவுமறைவின்றிப் பேசினார்: இது அடிப்படையில் ஓர் அடையாளச் சேவை, நிஜப் பெயரைத் தர மனமில்லாதவர் பயன்படுத்தாமல் இருக்கலாம்.

ஆட்கள் பயன்படுத்தினார்கள். படம் எடுத்தார்கள், இணைப்பு கொடுத்தார்கள், நிரலுக்குள் தலையைவிட்டார்கள். மூன்றே வருடம். 2014 ஜூனில் முகங்களை எடுத்துவிட்டார்கள். ஜூலையில் நிஜப் பெயர்க் கட்டாயத்தையும் கைவிட்டார்கள். ஆகஸ்டில் ஆத்தர்ஷிப்புக்கே பாடை கட்டினார்கள். வாசகர்களுக்கு எதிர்பார்த்த பயன் இல்லையாம். இதை நீக்குவதால் தளங்களுக்கு வரும் கூட்டமும் குறையாது, விளம்பரச் சொடுக்கும் கூடாது என்று ஆறுதல் வேறு. 2019 ஏப்ரலில் பொதுமக்களுக்கான கூகுள் பிளஸ்ஸும் போய்ச் சேர்ந்தது. ஊரைக் கூட்டி அடையாளம் காட்டச் சொன்னவர்கள் கடையைக் கட்டிக்கொண்டு கிளம்பினார்கள். காட்டியவர்கள் காட்டியபடியே நின்றார்கள்.

இப்போது புது மந்திரம்: அனுபவம், நிபுணத்துவம், அதிகாரம், நம்பகம். ஆங்கிலத்தில் இ-இ-ஏ-டி. முதலில் ஒரு இ-தான் இருந்தது. 2022 டிசம்பரில் அனுபவத்துக்காக இன்னொரு இ சேர்த்தார்கள். தேடல் முடிவுகளுக்கு மதிப்பெண் போட உலகெங்கும் ஆயிரக்கணக்கான ஒப்பந்தக்காரர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கான கையேடு 160 பக்கங்களைத் தாண்டும். எழுதியவர் யார், தகுதி என்ன என்று அவர்கள் பார்க்க வேண்டும். நல்லது. ஆனால் அவர்கள் போடும் மதிப்பெண் எந்தப் பக்கத்தின் இடத்தையும் நேரடியாக மாற்றாது. இ-இ-ஏ-டி தனியான தரவரிசைக் காரணி அல்ல. கட்டுரைக்கு மேல் எழுதியவர் பெயரைப் போடுவதால் மட்டும் பக்கம் மேலே வந்துவிடாது. இவை மூன்றும் கூகுள் தரப்பே சொன்னவை. அதே கூகுள், தளம் நடத்துகிறவர்களுக்கு எழுதிய அறிவுரையில், இதை எழுதியது யார் என்று படிக்கிறவருக்குத் தெளிவாகத் தெரிகிறதா என்றும் கேட்கிறது. பெயர் போடு, ஆனால் போட்டதற்காக எதையும் எதிர்பார்க்காதே. கீதையை இவ்வளவு கச்சிதமாக எந்த மடாதிபதியும் சுருக்கியதில்லை.

இந்த இடைவெளியில்தான், தேடலில் மேலே வரும் வித்தையைச் சொல்லித்தரும் எஸ்இஓ வாத்தியார்கள் பந்தல் போட்டிருக்கிறார்கள். எல்லா இடத்திலும் ஒரே படம் வையுங்கள். பெயரில் ஒரு புள்ளிகூட மாறக் கூடாது. தேடுபொறி மட்டும் படிக்கும் ஸ்கீமா நிரலில் ‘இவரும் அவரும் ஒருவரே’ என்று எழுதி லிங்க்டுஇன், எக்ஸ், விக்கிடேட்டா எல்லாவற்றையும் கோத்துவிடுங்கள். தேடலின் வலப்பக்கத்தில் உங்கள் பெயரில் ஒரு பெட்டி முளைத்தால், அது நான்தான் என்று மனுப் போடுங்கள். ஓய்வூதியக்காரர் நவம்பர் தோறும் தான் சாகவில்லை என்று சான்று கொடுக்கிறார். கொடுத்தால் பென்ஷனாவது வரும். இங்கே சான்று மட்டும்தான் போகும்.

சின்னம் வேண்டுமா, அதுவும் விலைக்கு உண்டு. 2022 நவம்பரில் ட்விட்டரின் நீல டிக்கை எலான் மஸ்க் மாதம் 8 டாலருக்குக் கூவி விற்றார். யாரோ ஒரு புண்ணியவான் எலை லில்லி மருந்து நிறுவனத்தின் பெயரில் ஒரு டிக் வாங்கி, இன்சுலின் இனி இலவசம் என்று போட்டார். நிஜ நிறுவனம் மன்னிப்புக் கேட்டு, இல்லை இல்லை, காசுதான் என்று விளக்க வேண்டியதாயிற்று. லிங்க்டுஇன்னில் டிஜிலாக்கர் வழியாக ஆதாரைக் காட்டினால் ஒரு கேடயச் சின்னம் கிடைக்கிறது. ரேஷன் அரிசிக்குக் கைரேகை வைத்த ஜனங்கள் நாம். கட்டுரைக்கும் வைத்துவிட்டுப் போகிறோம் என்று நினைத்துவிட்டார்கள்.

இந்தக் கூத்தில் யார் அடிபடுகிறார்கள்? ட்ரூ ஓர்ட்டிஸ் அடிபட மாட்டார். அவருக்கு முகம் வாங்கலாம், பண்ணை வீடு வாங்கலாம், இருபது வருட அனுபவம் வேண்டுமென்றால் இருபத்தைந்தாகவே போட்டுத் தரலாம். நிரலில் ஒரு காற்புள்ளிகூடப் பிசகாது, ஏனென்றால் அதைப் போடச் சம்பளத்துக்கு ஆள் இருக்கிறது. படிவத்தைப் பொய்யர்கள்தான் பிழையில்லாமல் நிரப்புவார்கள். அடிபடுகிறவர், பெயர் வெளியே தெரிந்தால் வீட்டில் அடுப்பெரியாது என்ற நிலையில் எழுதுகிற பெண். மேலதிகாரியின் ஊழலைத் தெரிந்து எழுதும் குமாஸ்தா. சாதியை எழுதிவிட்டு அதே தெருவில் குடியிருக்க வேண்டியவர். துவரங்குறிச்சியில் ராஜாத்தி என்ற பெண் வீட்டாருக்குத் தெரியாமல் எழுதித்தான் கவிஞர் சல்மா ஆனார். விருத்தாசலம் புதுமைப்பித்தனானதும், ரங்கராஜன் மனைவி பெயரில் சுஜாதாவானதும், யாரிடமும் மனுப் போட்டு வாங்கிய அனுமதியில் அல்ல. இவர்களை எழுத்தை வைத்துத்தான் அடையாளம் கண்டோம். ஆதார் எண் கேட்டதில்லை.

சரி, இவ்வளவு சல்லடை போட்டுச் சலித்த கூகுள், தானே பதில் சொல்ல உட்கார்ந்தபோது யாரை நம்பியது? 2024 மே மாதம் அமெரிக்காவில் செயற்கை நுண்ணறிவுச் சுருக்கம் தேடலின் உச்சியில் ஏறி உட்கார்ந்தது. பீட்சாவில் சீஸ் ஒட்டவில்லையே என்று கேட்டவரிடம், நஞ்சில்லாத பசையை எட்டில் ஒரு பங்கு கப் அளவு சாஸில் கலக்கச் சொன்னது. மூலம், ரெட்டிட் என்ற அரட்டைத் தளத்தில் அதற்குப் பதினோரு வருடம் முன்பு ஒருவர் அடித்த நக்கல். அவருடைய புனைபெயரில் பாதி கெட்ட வார்த்தை. இங்கே அச்சிட முடியாது. முகப்படம் இல்லை, பண்ணை வீடு இல்லை. அந்த ரெட்டிட்டின் சரக்குக்குத்தான் கூகுள் ஆண்டுக்குச் சுமார் 6 கோடி டாலர் தருவதாக ராய்ட்டர்ஸ் எழுதியது. நக்கலடித்தவருக்கு அதில் ஒரு துண்டு பீட்சாவுக்கான காசு போயிருந்தால் நல்லது. இன்னொருவர் எத்தனை கல் சாப்பிடலாம் என்று கேட்டதற்கு, தினம் ஒரு சிறு கல்லாவது நல்லது என்று புவியியலாளர்கள் பெயரால் பதில் வந்தது. அது ‘தி ஆனியன்’ என்ற நையாண்டி இதழின் பகடி.

ஆக, அங்கதக்காரனுக்கு மட்டும் சான்றிதழ் இல்லாமலே உள்ளே அனுமதி உண்டு. அந்த உரிமையில் நானும் ஒரு மனுப் போடுகிறேன். தேடலின் உச்சியில், யார் எழுதியது என்ற பெயரே இல்லாமல், நாங்கள் எழுதியதையெல்லாம் அரைத்து வைத்திருக்கும் அந்தப் பதிலுக்குக் கீழே ஓர் ஆசிரியர் குறிப்பு வேண்டும். தெளிவான முகப்படம், முதல் பெயர், கடைசிப் பெயர், இதுவரை சுட்ட பீட்சாக்கள் எத்தனை, தின்று பார்த்த கற்கள் எத்தனை என்ற அனுபவ விவரம், சுயசான்றொப்பமிட்ட நகல் இரண்டு. லிங்க்டுஇன் கேடயம் இருந்தால் அதையும் இணைக்கலாம். குறைபாடுள்ள விண்ணப்பங்கள் காரணம் கூறாமல் நிராகரிக்கப்படும்.