பள்ளத்தூரில் நீராவி எஞ்சின் தொடங்கப்படும் முறை: ஓர் ஆய்வு

பெட்டியில் உதிரிகளாக வரும் மாதிரி நீராவி எஞ்சினைப் பள்ளத்தூர்க்காரர் ஒருவர் பூட்டத் தொடங்கினால் அது ஓடுவதில்லை, மறுபடியும் தொடங்கப்படுகிறது. இதன் காரணத்தை ஆராய்வதே நோக்கம். ஆய்வுக்களம், ஒரு பழைய வீட்டின் பட்டாலை. ஆய்வு செய்பவரும் ஆய்வுக்கு உள்ளானவரும் ஒருவரே என்பதால் தகவல் திரட்டச் செலவேதும் ஆகவில்லை.

முதலில் எஞ்சின். அடுத்துள்ள கண்டனூர் புதுவயல் வழியாக முன்பு மீட்டர் கேஜ் வண்டிதான் போனது. அந்தப் பாதை அகலமாகி, 2019இல் திருவாரூர் வரை ரயில் விட்டார்கள். போன பாதையை மீட்க ஒரே வழி, அதைச் சுருக்குவது. மாதிரி எஞ்சினுக்காக மீட்டர் கேஜின் 1000 மில்லிமீட்டரை 22.5ஆல் வகுத்தால் 44 சொச்சம் வரும். ஜெர்மனியில் 1968இல் அதை 45 மில்லிமீட்டர் தண்டவாளத்தில் ஏற்றி எல்ஜிபி என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்கள். அரை மில்லிமீட்டர் பிசகை மீட்டர் கேஜ் பிரியர்கள் பெரிய மனதுடன் மன்னித்துவிட்டார்கள்.

எஞ்சின் முடியாததற்குச் சோம்பலே காரணம் என்றொரு கோட்பாடு உண்டு. எழுப்பியவர்கள் பெண் வீட்டார். இதை மறுக்கச் சான்று தேடி வெளியே போக வேண்டியதில்லை. அண்ணாந்து பார்த்தால் போதும். பர்மாத் தேக்கு, இத்தாலியச் சலவைக்கல், பெல்ஜியம் கண்ணாடி, ஜப்பான் ஓடு, பர்மிங்காம் இரும்பு என்று உதிரி உதிரியாகக் கப்பலில் வந்து, மாட்டுவண்டி ஏறி, இந்தப் பொட்டலில் இறங்கிய சாமான்தான் செட்டிநாட்டு வீடு. கூடவே ‘படம் 1, படம் 2’ என்று விளக்கத்தாள் எதுவும் வரவில்லை. ஆனாலும் ஐயாக்கள் முகப்பு முதல் அடுப்படி வரை பூட்டி முடித்து, முட்டை வெள்ளைக்கரு கலந்த சுண்ணாம்பை இழைத்துப் பூசி, பால் காய்ச்சிக் குடியும் புகுந்தார்கள். அந்த வம்சத்துக்குப் பூட்டும் திறமை இல்லை என்பது பொருந்தாது. (வீடு கட்ட ஆள் வைத்திருந்தார்களே என்று கேட்கலாம். அந்தக் கேள்வி இவ்வாய்வின் எல்லைக்கு வெளியே உள்ளது.)

இனி செய்முறை. முதலில் பூட்ட வேண்டியது அடிச்சட்டம். அது இம்மி கோணினாலும் சக்கரங்களில் ஒன்று தரையைத் தொடாது. சமதளம் பார்க்கக் கண்ணாடிப் பலகை வாங்கு என்கிறார்கள். நம் வீட்டில் இத்தாலியச் சலவைக்கல் சும்மாதான் கிடக்கிறது. அடுத்தது கிராங்க். பிஸ்டன் ஒரு கோடியில் போய் நிற்கும்போது நீராவி எவ்வளவு முட்டினாலும் சக்கரம் அசையாது. அதனால்தான் இடப்பக்கக் கிராங்கையும் வலப்பக்கக் கிராங்கையும் 90 பாகை தள்ளிப் பொருத்துகிறார்கள். ஒருபக்கம் அசையாமல் நின்றால் மறுபக்கம் முழு வலுவோடு தள்ளும். ஆய்வுக்களத்தில் இந்த ஏற்பாடு இல்லை. “அடுத்த வாரம் பார்க்கலாம்” என்கிறேன். “அதுதான் நல்லது” என்கிறார்கள் வீட்டில். இரண்டும் ஒரே கோணம்.

ஆயினும் மூலகாரணம் பஞ்சாங்கத்தில் இருக்கிறது. பூட்டும் வேலைக்கு ஓய்வுள்ள நாள் ஞாயிறு. அன்று 12 முதல் 1.30 வரை எமகண்டம், சாப்பாடு. 1.30 முதல் 3 வரை கோழிக் குழம்பின் ஆதிக்கம், உறக்கம். எழுந்து முகம் கழுவிப் பெட்டியைத் திறக்கும்போது 3 மணி. 3 முதல் 4.30 வரை குளிகை. குளிகையில் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பார்கள். அதனால்தான் அந்நேரத்தில் நகை வாங்குவார்கள்; துக்க காரியம் செய்யமாட்டார்கள். குளிகையில் எஞ்சின் தொடங்கினால் திரும்பத் திரும்ப நடப்பது எது? தொடக்கம். 4.30க்கு ராகு காலம் பிறக்கிறது. “நெருப்பு வேலையெல்லாம் இப்ப வேண்டாம் தம்பி” என்று அப்பத்தா குரல் கொடுக்கிறார்கள். “அப்பச்சி, பெட்டிய மூடிரவா?” என்று மகள் வந்து நிற்கிறாள். ஆறு மணிக்குக் கொசு.

எதிர்ச்சான்றாகத் திருச்சி பொன்மலைப் பணிமனையைக் காட்டுவார்கள். நீலகிரி மலை ரயிலுக்கு நிலக்கரியில் ஓடும் புதிய நீராவி எஞ்சினை, பொம்மையல்ல, முழு எஞ்சினை, 2021இல் அங்கே கட்டி வெளியே விட்டார்கள். உண்மைதான். ஆனால் பொன்மலையில் சங்கு ஊதினால் வேலை தொடங்கும். யாரும் பஞ்சாங்கத்தைப் புரட்டுவதில்லை. ஒப்பீடு செல்லாது.

இதற்கிடையே 8 பிஏ நட்டு ஒன்று வளவு முற்றத்துத் தூம்பில் விழுந்துவிட்டது. பிஏ என்பது பழைய பிரிட்டிஷ் மரை. அதற்குரிய போல்ட்டின் விட்டம் 2.2 மில்லிமீட்டர். நம் கடைகளில் கிடைக்கும் மில்லிமீட்டர் மரை அதில் ஏறாது. காரைக்குடி முனீஸ்வரன் கோயில் தெருப் பழம்பொருள் கடைகளில் கேட்டதற்கு, ஒரு முழப் பூட்டை எடுத்துக் காட்டினார்கள். வாசகர் யாரிடமாவது அந்த நட்டு இருந்தால் கொடுத்து உதவ வேண்டுகிறேன். ஞாயிறு மூன்றிலிருந்து நாலரைக்குள் மட்டும் வர வேண்டாம்.