பேண்ட் ஏழுக்கு ஒரு பால்யம்

ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலப் பேச்சுத் தேர்வில் “சின்ன வயதில் சைக்கிள் ஓட்டியதுண்டா?” என்று கேட்டால் போதும், நம் பிள்ளைகள் அத்தனை பேருக்கும் ஒரே பால்யம் வாய்த்துவிடுகிறது. பிறந்தநாளுக்குத் தாத்தா தந்த சிவப்பு சைக்கிள், பக்கத்துப் பூங்கா, அளவாக ஒரு விழுதல், அப்புறம் விடாமுயற்சி. எல்லாம் பயிற்சி மையத்தின் உபயம்! மணிக்கணக்கில் வாடகைக்கு எடுத்து, குரங்கு பெடல் போட்டு, செயின் கழன்று, முட்டி பெயர்ந்து, வீட்டில் உதையும் வாங்கிய நிஜக் கதைக்கு அங்கே மவுசில்லை. அதில் ‘உயர்தரச் சொற்கள்’ குறைவாம்.

சரளம், சொல்வளம், இலக்கணம், உச்சரிப்பு என நான்குக்கும் ‘பேண்ட்’ எனும் மதிப்பெண்ணில் சம பங்கு. உண்மைக்குப் பங்கு கிடையாது. சைக்கிள் வாங்கிய ரசீதை யாரும் கேட்கப்போவதில்லை. ஆகவே தாராளமாகப் புளுகலாம். ஆனால் ஒப்பிப்பதைத் தேர்வாளர் கண்டுகொள்வார். கண்டுகொண்டால் மதிப்பெண் அடிவாங்கும். “எந்த ஊர்ப் பூங்கா?” என்று ஒரு துணைக்கேள்வி போட்டால் தாத்தா, சைக்கிள், சரளம் மூன்றும் ஒருசேரக் காணாமல் போகும்.

காசு கட்டிப் பொய்யை மனப்பாடம் செய்வதற்குப் பதில், முட்டித் தழும்பைப் பற்றியே பேசிவிட்டு வாருங்கள். அதற்குக் கட்டணமும் இல்லை.