தலைகீழாக நின்ற பிரதமர்

1957-இல் ஹெர்ஸ்லியா கடற்கரையில் எடுத்த ஒரு புகைப்படம் உலகம் சுற்றியது. இஸ்ரேல் பிரதமர் டேவிட் பென்-குரியன் நீச்சல் உடையில் தலைகீழாக நிற்கிறார். வயது எழுபது. நாட்டைத் தலைகீழாக்கிய பிரதமர்கள் உண்டு. தாமே தலைகீழான பிரதமர் அபூர்வம்.

முதுகுவலிக்காரரான அவரை இந்த நிலைக்குக் கொண்டுவந்தவர் மோஷே ஃபெல்டன்கிரைஸ். இன்றைய உக்ரைனில் 1904-இல் பிறந்தவர். பாரிஸில் இயற்பியல் படித்து, விஞ்ஞானி ஜோலியோ-கியூரியுடன் வேலை பார்த்தவர். ஜூடோவைத் தோற்றுவித்த ஜிகோரோ கானோவைச் சந்தித்த பிறகு அந்தக் கலையிலும் இறங்கிக் கருப்புப் பட்டை வாங்கினார். அடுத்தவர் மூட்டை முறுக்கத் தெரிந்த இந்த மனிதரைப் படுத்தியெடுத்தது, கால்பந்தில் அடிபட்ட சொந்த முழங்கால்தான்.

இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் பிரிட்டிஷ் கடற்படைக்காக நீர்மூழ்கிகளைக் கண்டறியும் ஆராய்ச்சியில் இருந்தார். ஈரமான கப்பல் தளத்தில் வழுக்கியதில் முழங்கால் இன்னும் மோசமானது. அறுவை செய்தால் தேறுவதற்குப் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றார்கள் மருத்துவர்கள். காசைச் சுண்டிப் பார்த்து முடிவெடுக்க இயற்பியலாளருக்கு மனம் வருமா? மறுத்துவிட்டு உடற்கூறு நூல்களோடு உட்கார்ந்தார். பாதம் எப்படிப் பதிகிறது, இடுப்பு எப்போது திரும்புகிறது, மூச்சு எங்கே நிற்கிறது என்று தன் நடையையே துப்பறிந்தார். அதிலிருந்து பிறந்த முறைக்கு அவர் பெயரே நிலைத்தது.

வெளியிலிருந்து பார்ப்பவருக்கு அந்த முறையின் வகுப்பு மதியத் தூக்கம் போலத்தான் தெரியும். எல்லோரும் தரையில் மல்லாந்து, முழங்காலை மடக்கிக் கிடப்பார்கள். ஒரு பிரபலமான பாடத்தில், இடுப்புக்குக் கீழே ஒரு கடிகாரம் இருப்பதாகக் கற்பனை செய்துகொண்டு, பன்னிரண்டிலிருந்து ஆறுக்கும் மூன்றிலிருந்து ஒன்பதுக்கும் இடுப்பை மெல்லச் சாய்க்க வேண்டும். அவ்வளவுதான். ஆனால் மூன்று மணிக்குப் போகச் சொன்னால் சிலருக்குத் தாடை இறுகும்; சிலர் மூச்சைப் பிடித்துக்கொள்வார்கள். இடுப்புக்கும் தாடைக்கும் இத்தனை காலமாக நடந்துவந்த கொடுக்கல் வாங்கல் அப்போதுதான் அம்பலமாகும்.

இவ்வளவு மெதுவாக ஏன்? பத்தொன்பதாம் நூற்றாண்டு ஜெர்மானியர் வேபர் வகுத்த விதியை ஃபெல்டன்கிரைஸ் காரணமாகச் சொன்னார். அரிசி மூட்டை சுமப்பவர் தலையில் எலுமிச்சம்பழத்தை வைத்தால் தெரியாது. வெறுங்கையில் ஈ உட்கார்ந்தாலும் தெரியும். முயற்சியைக் குறைத்தால்தான் நுணுக்கம் புலப்படும். பல்லைக் கடித்துக்கொண்டு கால் விரலைத் தொடுகிறவருக்குத் தெரிவதெல்லாம் பல்லைக் கடிப்பதுதான்.

மூட்டுக்கும் அசைவு வேண்டும். அங்குள்ள குருத்தெலும்பில் ரத்தக் குழாய் கிடையாது. அழுத்தி விடும்போது உள்ளே போய்வரும் மூட்டுத் திரவம்தான் அதற்குச் சாப்பாடு. நாள் முழுக்க நாற்காலியில் கிடப்பவர் அதற்குப் பந்தி போடுவதேயில்லை.

இதனால் இந்த முறை சர்வரோக நிவாரணி ஆகிவிடாது. முதியோர் தடுமாறாமல் நிற்க உதவலாம் என்று சில சிறிய ஆய்வுகள் சொல்கின்றன. அதற்குமேல் சான்று மெலிவு. ஆஸ்திரேலியா 2019-இல் தனியார் மருத்துவக் காப்பீட்டுச் சலுகையிலிருந்து இதை நீக்கியது. ஆனாலும் தரையும் பொறுமையும் மட்டுமே செலவு என்பதால், கடிகாரப் பாடத்தைச் செய்துபார்க்கலாம். முழங்கால் வீங்கியிருந்தால் முதலில் மருத்துவரைப் பாருங்கள். தலைகீழாக நிற்பதை மட்டும் பென்-குரியனோடு விட்டுவிடுங்கள்.